"இதெல்லாம் எனக்கு எதுக்கு?": பதின்வயது மாணவர்களுக்கு அறிவியலின் மதிப்பை உணர்த்த ஒரு முழுமையான வழிகாட்டி

ஒளிவிலகல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். குவிலென்ஸ், குழிலென்ஸ், குவியத்தூரம், டயாப்டர் என்று கரும்பலகை நிரம்பிவிட்டது. மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பையன், மரியாதையாகத்தான், கேட்டான்: "சார், இதெல்லாம் எனக்கு எதுக்கு? நான் என்ன லென்ஸ் கம்பெனியிலயா வேலை பார்க்கப் போறேன்?"

வகுப்பே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. உடனே பத்து நிமிடம் பேசித் தள்ளினேன். மின்சாரம், தடுப்பூசி, ராக்கெட், அறிவியல் இல்லாவிட்டால் இன்னும் குகையில்தான் இருந்திருப்போம் என்று ஒன்று விடவில்லை. "சரி சார்" என்றான். அப்புறம் குனிந்து நோட்டின் ஓரத்தில் எதையோ வரைய ஆரம்பித்துவிட்டான்.

அன்று ராத்திரிதான் உறைத்தது. கேட்ட பையன் கண்ணாடி போட்டிருந்தான். பதில் அவன் மூக்கின் மேலேயே உட்கார்ந்திருக்க, நான் அதை ராக்கெட்டில் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் அவனைக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி ஒரு புத்தகத்தைக் கொடுத்தேன். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து மெதுவாக விலக்கிக்கொண்டே போ, எழுத்து மங்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்து என்றேன். பக்கத்துப் பையன் ஸ்கேல் வைத்து அளந்தான். கிட்டத்தட்ட 40 செ.மீ. நூறை நாற்பதால் வகுத்தால் 2.5 டயாப்டர்; லென்ஸின் பவரை அளக்கும் அலகு அது. "உன் பவர் எவ்வளவு?" என்று கேட்டேன். "மைனஸ் ரெண்டரை சார்" என்றவன், கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதற்குள் வகுப்பில் கண்ணாடி போட்ட எல்லாரும் புத்தகத்தைத் தூக்கிவிட்டார்கள். ஒருத்திக்கு மட்டும் கணக்கு ஒத்துவரவில்லை. அவளுடையது பிளஸ் பவர். "எனக்கு மட்டும் ஏன் சார் வரல?" என்று கேட்டாள். அடுத்த பாடவேளை முழுக்க அந்தக் கேள்வியிலேயே ஓடியது.

அறிவியலின் மதிப்பை நாம் பட்டியல் போட்டுச் சொன்னால் அது நம் பட்டியலாகவே இருக்கும். அவர்களே தங்கள் வாழ்க்கையில் அதைக் கண்டெடுத்தால்தான் ஒட்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்கான வழிகள்தான். ஆசிரியர், பெற்றோர், டியூஷன் எடுப்பவர் என யாரும் பின்பற்றலாம்.

படி 1: "எதுக்கு?" என்றால் எது என்று முதலில் கண்டுபிடியுங்கள்

பதின்வயதுப் பிள்ளையின் "எதுக்கு?" பல நேரம் பயனைப் பற்றிய கேள்வியே இல்லை. "எனக்குப் புரியல" என்று சொல்ல வெட்கப்படுகிறவர்கள் "இது வேஸ்ட்" என்று சொல்லிவிடுவார்கள். நரிக்கு எட்டாத திராட்சை கதைதான்.

கல்வி உளவியலாளர் ஜாக்குலின் எக்கிள்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 1980களிலிருந்து வளர்த்தெடுத்த ஒரு கோட்பாடு இங்கே உதவும். ஒரு மாணவர் ஒரு பாடத்தில் உழைப்பாரா என்பது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: "என்னால் முடியுமா?", "இது எனக்கு வேண்டுமா?" இந்த "வேண்டுமா"வுக்குள் நான்கு இழைகள் உண்டு. பிடித்திருக்கிறதா, பயன்படுமா, "நான் யார்" என்று நினைத்துக்கொள்கிறேனோ அதோடு பொருந்துகிறதா, இதற்காக எதை இழக்கவேண்டியிருக்கிறது.

ஆகவே பதில் சொல்ல அவசரப்படாமல் திருப்பிக் கேளுங்கள். "எந்த இடத்துல விட்டுப்போச்சு?" என்ற ஒரு கேள்வியே பாதியைக் காட்டிவிடும். அணு எடைக்கும் மோலுக்கும் உள்ள தொடர்பு புரியாமல் ஆறு மாதமாகத் தவிக்கும் பெண்ணிடம் வேதியியலின் பெருமையைப் பேசினால் எரிச்சல்தான் மிஞ்சும். அவளுக்கு முதலில் அந்த முடிச்சு அவிழவேண்டும். "நான் ஆர்ட்ஸ் டைப்" என்கிறவனுக்கு வேறு மருந்து. நிறமிகள் எப்படி ஒளியை உறிஞ்சுகின்றன, பழைய ஓவியத்தை ஏன் எக்ஸ்ரே எடுக்கிறார்கள் என்று அவன் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கலாம்.

படி 2: ஒரு வாரம் பேசாமல் கவனியுங்கள்

ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளை எதைப் பற்றிக் கேட்காமலேயே பேசுகிறது, எதற்குக் கவலைப்படுகிறது, கையில் எந்நேரமும் என்ன இருக்கிறது என்று குறியுங்கள். என் நோட்டில் திரும்பத் திரும்ப வந்தவை முகப்பரு, தூக்கம், உயரம், இயர்போன், போன் பேட்டரி, பைக், ஜிம். ஒரு தடவைகூட ராக்கெட் வரவில்லை.

பிறகு பாடத்திட்டத்தோடு முடிச்சுப் போடுங்கள். முகப்பருவை எடுத்தால் ஹார்மோன் பாடம் முழுக்க அதற்குள் இருக்கிறது. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோன்கள் கூடுகின்றன, தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் வேகமெடுக்கின்றன, மயிர்க்கால் அடைபடுகிறது, அங்கே வாழும் பாக்டீரியா பெருகுகிறது. "அப்போ முகத்தை எத்தனை தடவை கழுவினாலும் ஏன் சார் போகல?" என்று அவர்களே கேட்பார்கள்.

தூக்கமும் அப்படித்தான். இரவில் தூக்கத்துக்கு உடலைத் தயார்ப்படுத்தும் மெலட்டோனின், பதின்வயதில் ஓரிரு மணி நேரம் தாமதமாகச் சுரக்கத் தொடங்குகிறது. ராத்திரி தூக்கம் வராமல் காலையில் எழ முடியாமல் திட்டு வாங்கும் பிள்ளைக்கு, "இதில் உன் சோம்பேறித்தனம் மட்டும் இல்லை, உடல் கடிகாரமும் இருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள். அறிவியல் முதல்முறையாகத் தன் கட்சியில் நின்று பேசுவதாக அதற்குத் தோன்றும். கூடவே, படுக்கையில் போன் வெளிச்சம் அந்தக் கடிகாரத்தை இன்னும் பின்னுக்குத் தள்ளும் என்பதையும் சொல்லிவிடுங்கள். நியாயம் இரண்டு பக்கமும் இருக்கட்டும்.

எனக்குப் பிடித்தது இயர்போன். பணியிடச் சத்தத்துக்கான பரவலான ஒரு பரிந்துரைப்படி, 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிறது. 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி என்று மாணவர்களையே இறங்கச் சொல்லுங்கள். 100க்கு வரும்போது 15 நிமிடம்தான் மிஞ்சும். "வெறும் 15 தானே கூடியிருக்கு!" என்பார்கள். டெசிபல் ஒரு மடக்கை (log) அளவுகோல்; மடக்கை எதற்கு என்று அதுவரை கேட்டவர்கள் அந்த இடத்தில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஒரு எச்சரிக்கை. அவர்களைப் போலப் பேசிக்காட்டி, தனிம அட்டவணையை ராப் பாட்டாகப் பாடிக்காட்டி வசப்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள். நான் ஒருமுறை முயன்றேன். விவரம் வேண்டாம்.

படி 3: நீங்கள் சொல்லாதீர்கள், அவர்களை எழுதவிடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

அமெரிக்க ஆய்வாளர்கள் கிறிஸ் ஹல்லெமனும் ஜூடித் ஹராக்கிவிச்சும் 2009இல் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார்கள். 262 உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். ஒரு பகுதியினர் படித்த அறிவியல் பாடத்தைச் சுருக்கி எழுதினார்கள். மற்றவர்கள் அந்தப் பாடம் தங்கள் வாழ்க்கையோடு எப்படித் தொடர்புடையது என்று எழுதினார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். "எனக்கு வராது" என்று நினைத்திருந்த மாணவர்களிடம்தான் பலன் தெரிந்தது. தொடர்பை எழுதியவர்களுக்கு ஆர்வமும் கூடியது, மதிப்பெண்ணும் கூடியது. ஏற்கெனவே தன்னம்பிக்கையோடு இருந்தவர்களிடம் அப்படி மாற்றம் இல்லை.

இதன் மறுபக்கத்தையும் ஹராக்கிவிச் பின்னர் எலிசபெத் கேனிங்குடன் சேர்ந்து ஆராய்ந்தார். தன்னம்பிக்கை குறைந்தவர்களிடம் "இது உனக்கு ரொம்பப் பயன்படும்" என்று வெளியிலிருந்து சொன்னால் அது எதிர்மாறாகவும் முடியலாம் என்று 2015இல் வந்த அந்த ஆய்வு காட்டியது. யோசித்தால் ஆச்சரியம் இல்லை. இவ்வளவு முக்கியமான ஒன்று எனக்கு வரவில்லையே என்ற பயம்தான் கூடும். என் பத்து நிமிடப் பிரசங்கம் ஏன் எடுபடவில்லை என்று அதைப் படித்தபோது புரிந்தது.

செய்முறை எளிது. ஒரு பாடம் முடிந்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். கேள்வி இப்படி இருக்கட்டும்: "இந்தப் பாடத்திலிருந்து ஒரே ஒரு கருத்தை எடுத்துக்கொள். அது உனக்கோ உனக்கு நன்றாகத் தெரிந்த ஒருவருக்கோ எங்கே பயன்படும், எப்படி என்று அரைப் பக்கம் எழுது." மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதும். தினமும் எழுதச் சொன்னால் அதுவும் வீட்டுப்பாடமாகிவிடும்.

முதல் தடவை வருவது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "உராய்வு நம் அன்றாட வாழ்வில் மிகவும் பயன்படுகிறது. உராய்வு இல்லாவிட்டால் நாம் நடக்க முடியாது." இது பாடப்புத்தகம் பேசுவது. சிவப்பு மையால் அடிக்காதீர்கள். "கடைசியா எப்போ வழுக்கின? எங்கே?" என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுங்கள். அடுத்த முறை "மழை பெய்ய ஆரம்பித்த முதல் பத்து நிமிடத்தில்தான் என் சைக்கிள் அதிகம் வழுக்குகிறது, ரோட்டில் எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு கலப்பதாலா?" என்று வரும். மதிப்பெண் போட்டே ஆகவேண்டும் என்றால் எழுதியதற்கு மட்டும் போடுங்கள். அறிவியல் தவறாக இருந்தால் தனியாகப் பேசித் திருத்திக்கொள்ளலாம். பயன் எதுவும் தெரியவில்லை என்று ஒருவர் நேர்மையாக எழுதினால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

படி 4: ஒரு எண்ணை அவர்கள் கையாலேயே அளக்கட்டும்

லேப் வேண்டாம். 30 செ.மீ. ஸ்கேல் ஒன்று போதும்.

இரண்டு பேர். ஒருவர் ஸ்கேலை மேல்முனையில் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடுகிறார். இன்னொருவர் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் தொடாமல், ஸ்கேலின் பூஜ்யத்துக்கு இருபுறமும் வைத்துக் காத்திருக்கிறார். முன்னறிவிப்பில்லாமல் ஸ்கேல் விடப்படும். பிடித்த இடத்தின் அளவைக் குறிக்கவேண்டும். ஐந்து முறை செய்து சராசரி எடுக்கச் சொல்லுங்கள்.

தடையின்றி விழும் பொருள் கடந்த தூரம், ஈர்ப்பு முடுக்கத்தின் பாதியை நேரத்தின் வர்க்கத்தால் பெருக்கியது. அதைத் திருப்பிப் போட்டால் நேரம் கிடைக்கும். 15 செ.மீ.யில் பிடித்தவருக்குச் சுமார் 0.17 நொடி, 20 செ.மீ.க்கு 0.20, 30 செ.மீ.க்கு 0.25. உடனே போட்டி ஆரம்பித்துவிடும். "அவன் அசையறதப் பார்த்துப் பிடிக்கிறான் சார்", "விரல் ரொம்ப ஒட்டி வெச்சிருக்கா" என்று சண்டை வரும். வரட்டும். பரிசோதனையில் எதை மாறாமல் வைத்திருக்கவேண்டும் என்ற பாடம் அந்தச் சண்டையில்தான் இருக்கிறது.

இப்போது அதே ஆளிடம் மறு கையில் போனைக் கொடுத்து ஒரு செய்தி தட்டச்சு செய்தபடியே பிடிக்கச் சொல்லுங்கள். பலருக்கு ஸ்கேல் விரல்களுக்கு நடுவே நழுவித் தரையில் விழும்.

அடுத்து கணக்கு. மணிக்கு 40 கி.மீ. என்றால் நொடிக்குச் சுமார் 11 மீட்டர். 0.2 நொடியில் வண்டி 2 மீட்டருக்குமேல் போய்விடும். சாலையில் நாம் எதையும் எதிர்பார்த்துக் காத்திருப்பதில்லை. ஆபத்தை உணர்ந்து பிரேக்கில் கை வைக்க ஒரு நொடிகூட ஆகலாம், அப்போது 11 மீட்டர். போனை இரண்டு நொடி குனிந்து பார்த்தால் 22 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். அந்த 22 மீட்டரை வெளியே அழைத்துப்போய் நடந்து காட்டச் சொல்லுங்கள். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே 40க்குப் பதில் 80இல் போனால் பிரேக் பிடித்தபின் நிற்கும் தூரம் இரு மடங்கல்ல, நான்கு மடங்கு. "வேகமா போகாதே" என்று ஆயிரம் முறை கேட்டுச் சலித்த காதுகள் அவை. தாங்களே அளந்த எண்ணோடு மல்லுக்கட்ட அவர்களிடம் வாதம் இருக்காது.

படி 5: விடையை மறைத்து, புதிரைக் கொடுங்கள்

கண்டுபிடிப்புகளை நாம் முடிவிலிருந்து சொல்லிப் பழகிவிட்டோம். அதனால் அறிவியல் என்றாலே யாரோ எப்போதோ முடித்துவைத்த காரியம் போலத் தெரிகிறது. நான் பலமுறை பயன்படுத்திய புதிர் ஒன்று இதோ.

1840களின் வியன்னா. ஒரே மருத்துவமனையில் இரண்டு பிரசவ வார்டுகள். முதல் வார்டில் மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும், இரண்டாவதில் மருத்துவச்சிகள். முதல் வார்டில் பிரசவக் காய்ச்சலால் பத்தில் ஒரு தாய் வீதம் இறக்கிறார். இரண்டாவதில் அதில் பாதிகூட இல்லை. ஏன்? இவ்வளவு சொல்லி நிறுத்திவிடுங்கள்.

கூட்ட நெரிசல் என்பார்கள். இல்லை, இரண்டாவது வார்டில்தான் கூட்டம் அதிகம். காற்று என்பார்கள். ஒரே கட்டடம், ஒரே ஊர்க் காற்று. ஒவ்வொரு ஊகத்தையும் அவர்களே தட்டிக்கழிக்கட்டும். திணறும்போது அடுத்த துப்பைக் கொடுங்கள். 1847இல், பிணப் பரிசோதனையின்போது கத்தி பட்டுக் காயமடைந்த ஒரு மருத்துவர், அந்தத் தாய்மார்களைப் போலவே காய்ச்சல் கண்டு இறந்தார். பெரும்பாலும் யாராவது ஒரு பெண் மெதுவாகச் சொல்வாள்: "சார்... அந்த டாக்டர்கள் பிணத்தைத் தொட்டுட்டு வந்து பிரசவம் பார்த்தாங்களா?"

அங்கே பணியாற்றிய மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ் அந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவச் செய்தார். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த இறப்பு ஜூனில் சுமார் 2 சதவீதமானது. கிருமிகளால்தான் நோய் வருகிறது என்ற கொள்கை நிலைபெறாத காலம் அது. பல மருத்துவர்கள் அவரை ஏற்கவில்லை. "எண் கண்முன்னால் இருந்தும் ஏன் ஏற்கவில்லை?" என்ற அடுத்த கேள்வியை வகுப்பில் விடுங்கள். பதினைந்து வயதுக்காரர்களுக்குப் பெரியவர்களின் பிடிவாதம் பற்றிச் சொல்ல நிறைய இருக்கும்.

படி 6: மேதைகளைக் கொஞ்சம் தரையிறக்குங்கள்

"அவங்கெல்லாம் பிறவியிலேயே அப்படி" என்ற நினைப்பு ஒரு வசதியான சாக்கு. 2016இல் வெளியான சியாவ்டாங் லின்-சீக்லர் குழுவின் ஆய்வில், 402 மாணவர்களில் சிலருக்கு ஐன்ஸ்டீன், மேரி கியூரி, ஃபாரடே ஆகியோரின் சாதனைகளை மட்டும் படிக்கக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு அவர்கள் பட்ட பாட்டையும் தோல்வியையும் கொடுத்தார்கள். போராட்டத்தைப் படித்தவர்களின் அறிவியல் மதிப்பெண் மேம்பட்டது, பின்தங்கியவர்களிடம் கூடுதலாக.

ஆகவே ஃபாரடே புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை கற்றவர், கணிதத்தில் பலவீனமானவர் என்பதைச் சொல்லுங்கள். உயிர்வேதியியலாளர் கத்தலின் கரிக்கோ, எம்ஆர்என்ஏ (செல்லுக்குப் புரதம் செய்யும் குறிப்பைக் கொண்டுசெல்லும் மூலக்கூறு) ஆய்வுக்கு நிதி கிடைக்காமல் 1990களில் பதவி இறக்கப்பட்டார், அதே ஆய்வுக்கு 2023இல் நோபல் பகிர்ந்துகொண்டார் என்பதைச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்கள் தோற்ற கதையையும்.

படி 7: ஏமாறாமல் இருக்க ஒரு கருவி

பதின்வயதினருக்கு ஏமாறுவதைப் போல வெறுப்பான விஷயம் இல்லை. அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

1997இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 14 வயது மாணவர் ஒருவர் சக மாணவர்கள் 50 பேரிடம் டைஹைட்ரஜன் மோனாக்சைடு என்ற பொருளைப் பற்றிச் சொன்னார். அமில மழையில் இருக்கிறது, மூச்சில் போனால் கொல்லும், புற்றுக்கட்டிகளிலும் காணப்படுகிறது. தடை செய்யலாமா? 43 பேர் செய்யலாம் என்றார்கள். அது தண்ணீர். சொன்னதில் ஒன்றும் பொய்யும் இல்லை.

இதை வகுப்பில் ஒருமுறை நடத்திவிட்டு, ஆளுக்கொரு விளம்பரம் கொண்டுவரச் சொல்லுங்கள். "எதோடு ஒப்பிட்டு?", "எத்தனை பேரிடம் சோதித்தார்கள்?", "சோதித்தது யார்?" என்ற மூன்று கேள்விகளோடு அதைப் பிரிக்கட்டும். கெமிக்கலே இல்லாத சோப்பு என்று ஒன்று கட்டாயம் வந்து சேரும்.

படி 8: பயன்படாததைப் பயன்படும் என்று சொல்லாதீர்கள்

பாடத்தில் உள்ள எல்லாமே வாழ்க்கையில் பயன்படும் என்பது உண்மையில்லை. அது அவர்களுக்கும் தெரியும். பாசியின் வாழ்க்கைச் சுழற்சியை நான் பள்ளிக்கு வெளியே எங்கும் பயன்படுத்தியதில்லை. "இது நேரடியா உனக்குப் பயன்படாமலே போகலாம்" என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால், மற்ற ஒன்பது முறை நீங்கள் சொல்வதை நம்புவார்கள்.

பயனுக்கு வெளியேயும் மதிப்பு உண்டு. நாம் பார்க்கும் சூரியன் எட்டு நிமிடத்துக்கு முந்தைய சூரியன் என்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஆனாலும் அதைக் கேட்டதும் தலை தானாக ஜன்னல் பக்கம் திரும்பும். சில நேரம் பயன் வெகுதூரம் சுற்றி வரும். ஐன்ஸ்டீன் 1915இல் பொதுச் சார்பியல் என்ற ஈர்ப்புக் கோட்பாட்டை முடித்தபோது அதனால் சாமானியருக்கு ஒரு உபயோகமும் இல்லை. இன்று ஜிபிஎஸ் செயற்கைக்கோள் கடிகாரங்கள் தரையிலுள்ளவற்றைவிட நாளுக்கு 38 மைக்ரோ நொடி வேகமாக ஓடுவதைச் சார்பியல் கொண்டுதான் சரிசெய்கிறார்கள். செய்யாவிட்டால் ஒரே நாளில் பிழை 10 கி.மீ. அளவுக்குச் சேரும்.

படி 9: வீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

ஹராக்கிவிச் குழு 2012இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், பெற்றோருக்கு இரண்டு கையேடுகளும் ஒரு இணையதளமும் மட்டும் கொடுத்தார்கள். பிள்ளையோடு அறிவியலின் பயன் பற்றி எப்படிப் பேசலாம் என்பதே உள்ளடக்கம். அந்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளியின் கடைசி இரண்டு வருடங்களில் மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒரு கல்விப் பருவ (செமஸ்டர்) அளவுக்குக் கூடுதலாகக் கணித, அறிவியல் பாடங்களைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பெற்றோர் விடை தெரிந்தவராக இருக்கவேண்டியதில்லை. "எனக்கும் சயின்ஸ் சுத்தமா வராது" என்று பிள்ளை காதுபடச் சொல்லாமல் இருந்தாலே பெரிய உதவி. அதற்குப் பதில், "போன் சார்ஜ் ஏறும்போது ஏன் சூடாகுது?" என்று கேட்டுவிட்டு, அவர்கள் சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள்.

எப்போது பலன் தெரியும்?

உடனே தெரியாது. அடுத்த தேர்வு மார்க்கை வைத்து அளந்தால் ஏமாற்றம்தான். நான் பார்ப்பது கேள்வியின் வடிவத்தை. "இது எதுக்கு?" என்பது "அப்போ அது ஏன் அப்படி ஆகல?" என்று மாறியிருந்தால் நகர்கிறது என்று அர்த்தம். பாடப்புத்தகத்தோடு ஒத்துப்போகாத அளவை அழித்து மாற்றாமல், "இதுதான் வந்துச்சு" என்று கொண்டுவந்தால் நன்றாகவே நகர்கிறது.

பாடத்திட்டம் முடியவேண்டும், நேரமில்லை என்பவர்கள் மூன்றாவது படியை மட்டும் மாதம் ஒருமுறை செய்து பாருங்கள். அவர்கள் எழுதியதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஜூனில் எழுதிய தாளை ஜனவரியில் திருப்பிக் கொடுத்தபோது, பிளஸ் பவர் கண்ணாடிப் பெண் அதைப் படித்துச் சிரித்துவிட்டு, பின்பக்கத்தில் தானாகவே இன்னொரு அரைப் பக்கம் எழுத ஆரம்பித்தாள்.